மொட்டை மாடிக்கு லோராவான் சென்சார்: பத்து கிலோமீட்டர், பத்து வருஷம் உண்மையா?

மாடிவீடு — 3 ஏப்ரல், இரவு 9:12

சென்னை. மூணாவது மாடி வீடு, தலைக்கு மேல மொட்டை மாடி. சமையலறை, படுக்கையறை, மொட்டை மாடி மூணு இடத்துலயும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிவாகணும். இப்போ வைஃபை இருக்கிற இஎஸ்பி32 போர்டு ஓடுது, ஒரு 18650 பேட்டரி மூணு வாரம் தாங்கல. லோராவான் (கொஞ்ச மின்சாரத்துல ரொம்ப தூரம் போகும் ரேடியோ முறை) போட்டா பத்து கிலோமீட்டர் போகும், பேட்டரி பத்து வருஷம் வரும்னு விளம்பரத்துல போட்டிருக்கான். எவ்வளவு உண்மை? என்னென்ன வாங்கணும்?

பழைய மீட்டர் — 3 ஏப்ரல், இரவு 10:05

ரெண்டும் உண்மை. ரெண்டும் ஒரே சமயத்துல கிடைக்காது, அவ்வளவுதான்.

சமையலறைக்கும் படுக்கையறைக்கும் லோராவான் வேண்டாம். கடையில கிடைக்கிற ஜிக்பீ (வீட்டுக்குள்ள மட்டும் எட்டும் சின்ன ரேடியோ) சென்சார் போதும், பட்டன் செல்லில் ஓடும். உங்க வைஃபை சேனல் 1-ல இருந்தா ஜிக்பீயை 20-க்கு மேல தள்ளுங்க; வைஃபை 11-ல இருந்தா 15 நல்லது. ரெண்டும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒண்ணை ஒண்ணு மிதிக்கும்.

மொட்டை மாடி வேற கதை. நடுவுல கம்பி போட்ட கான்கிரீட் தளம். 2.4 அங்கே திணறும், 865 மெகாஹெர்ட்ஸ் படிக்கட்டு வழியாவோ ஜன்னல் வழியாவோ எப்படியாவது வந்துடும். லோராவான் அங்கேதான்.

பழைய மீட்டர் — 4 ஏப்ரல், காலை 6:50

சாமான் பட்டியல்:

ரேடியோ: ராக்3172 மாட்யூல், அதுவும் எச் வகை. எல் வகை 433–470 மெகாஹெர்ட்ஸுக்கு, இங்கே உதவாது. மாட்யூலை நேரா சால்டர் பண்ணக் கை நடுங்கினா ராக்3272எஸ் பிரேக்அவுட் வாங்குங்க, உள்ளே அதே மாட்யூல், காலெல்லாம் சாதாரண 2.54 மிமீ இடைவெளி. 2.0-லேர்ந்து 3.6 வோல்ட் வரை தாங்கும், அதனால ரெண்டு ஏஏ ஆல்கலைன் செல்லை நேரா மாட்டலாம், ரெகுலேட்டரே வேண்டாம்.

சென்சார்: பிஎம்இ280. 3.3 வோல்ட் போர்டு. 5 வோல்ட்னு விற்கிறதுல ரெகுலேட்டரும் லெவல் ஷிஃப்டரும் இருக்கும். ரெண்டு ஏஏ செல்லுக்கு அது தலைவலி.

ஆன்டெனா: 865-க்கான ரப்பர் ஆன்டெனா, இல்லாட்டி ஒற்றைக் கம்பி. கால் அலைநீளம் கணக்குப்படி 86.6 மிமீ, வெட்டும்போது 82. ஆன்டெனா மாட்டாம ஒரு தடவைகூட அனுப்பாதீங்க, பவர் ஆம்ப் போயிடும்.

கேட்வே (சென்சார் பேசுறதைக் கேட்டு சர்வருக்கு அனுப்பும் பெட்டி): எட்டு சேனல். இதுதான் செலவு. இஎஸ்பி32-ல ஒரு ரேடியோவை ஒட்டி "ஒற்றைச் சேனல் கேட்வே" செய்யச் சொல்லும் வீடியோக்களை மறந்துடுங்க. இந்தியப் பட்டையில நெட்வொர்க்ல சேர மூணு சேனல் இருக்கு: 865.0625, 865.4025, 865.985. நோடு, அதாவது மாடியில வைக்கிற சென்சாரும் ரேடியோவும், மூணிலும் மாத்தி மாத்தித்தான் பேசும். ஒத்தைக் காதால மூணு பேச்சு கேட்க முடியாது.

தம்பிடி — 4 ஏப்ரல், காலை 9:31

ஐரோப்பிய 868 கேட்வே ஒண்ணு கையில இருக்கு. வேலைக்கு ஆகுமா?

பழைய மீட்டர் — 4 ஏப்ரல், காலை 9:48

எஸ்எக்ஸ்1302 அல்லது 1303 சிப் இருந்தா பெரும்பாலும் ஆகும், 863–870 முழுக்க ட்யூன் ஆகும். கேட்வேயிலயும் சர்வர்லயும் அலைவரிசைத் திட்டத்தை "இந்தியா 865–867"-க்கு மாத்தணும். ஒரு பக்கம் மட்டும் மாத்தி விட்டுட்டா எதுவும் கேட்காது.

ஐரோப்பிய அமைப்பிலேயே ஓட்டலாமேன்னு நினைக்காதீங்க. அதன் இயல்பான சேனல்கள் 868.1, 868.3, 868.5. நம்ம நாட்டுல உரிமம் தேவைப்படாத பட்டை 865–867 தான், 2005-லேர்ந்து. 2021-ல 868 வரைக்கும் நீட்டினாங்க. அந்த மூணு சேனலும் வேலிக்கு வெளியே நிக்குது. அமெரிக்க 915 கேட்வே வேண்டவே வேண்டாம், முன்னாடி இருக்கிற ஃபில்டர் 865-ஐ வெட்டிடும்.

பழைய மீட்டர் — 4 ஏப்ரல், இரவு 8:20

பேட்டரிக் கணக்கு. அனுப்பும் தகவல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு லாபம். ஜேசன் வாக்கியமா அனுப்பாதீங்க, 40 பைட் போயிடும். ஆறு பைட் போதும்:

வெப்பநிலை × 100, ரெண்டு பைட். ஈரப்பதம் × 2, ஒரு பைட், அரை சதவீதத் துல்லியம் கிடைக்கும். அழுத்தம் ஹெக்டோபாஸ்கல் × 10, ரெண்டு பைட். பேட்டரி மில்லிவோல்ட்ல 2000-ஐக் கழிச்சு 10-ஆல வகுத்தது, ஒரு பைட்.

இதோட லோராவான் தன் பங்குக்கு 13 பைட் சேர்க்கும், மொத்தம் 19. எஸ்எஃப்-ங்கிறது ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்: எண் ஏறினா வேகம் குறையும், தூரம் கூடும். காற்றில் இருக்கும் நேரம்: எஸ்எஃப் 7-ல 51 மில்லிசெகண்ட், எஸ்எஃப் 9-ல 185, எஸ்எஃப் 10-ல 330, எஸ்எஃப் 12-ல 1319. கடைசி எண்ணை இன்னொரு தடவை பாருங்க. ஒரே ஆறு பைட், இருபத்தஞ்சு மடங்கு நேரம். "பத்து கிலோமீட்டர்"ங்கிறது இந்தக் கடைசி வரியில இருந்து வருது, "பத்து வருஷம்" முதல் வரியில இருந்து வருது.

20 டிபிஎம் சக்தியில அனுப்பும்போது மாட்யூல் சுமார் 87 மில்லிஆம்ப் இழுக்கும். நாளைக்கு 144 செய்தி. எஸ்எஃப் 7-ல தூக்க மின்சாரமும் (சுமார் 3 மைக்ரோஆம்ப்) சேர்த்து நாளைக்கு 0.3 மில்லிஆம்ப்-மணிக்குள்ள முடியும். 2500 மில்லிஆம்ப்-மணி ஏஏ செல்லுக்கு அது இருபது வருஷக் கணக்கு, அதாவது செல் தானா செத்துடும், நீங்க காரணமில்ல. எஸ்எஃப் 12-ல 4.7 மில்லிஆம்ப்-மணி, ஒன்றரை வருஷம். அதுவும் மோசமில்ல, ஓட்டலாம்.

பழைய மீட்டர் — 5 ஏப்ரல், காலை 7:15

நேத்து கடைசி வரி தப்பு. பேட்டரியை மட்டும் பார்த்து "ஓட்டலாம்"னு எழுதிட்டேன். தி திங்ஸ் நெட்வொர்க்கோட இலவசச் சேவையில ஒரு நோடு ஒரு நாளைக்கு 30 செகண்டுதான் காற்றைப் பிடிக்கலாம், கீழ்நோக்கி (சர்வர்லேர்ந்து நோடுக்கு) 10 செய்தி. எஸ்எஃப் 12-ல 144 செய்தி 190 செகண்ட். ஆறு மடங்கு அத்துமீறல். அந்த வேகத்துல 22 செய்திதான், மணிக்கு ஒண்ணுகூடத் தேறாது.

பத்து நிமிஷ இடைவெளிக்கு எல்லை எஸ்எஃப் 9: 26.7 செகண்ட், மயிரிழையில உள்ளே. எஸ்எஃப் 10 ஆச்சுன்னா 47. ஆக, உங்க வேலை எஸ்எஃப் 9-க்குக் கீழே இருக்கிற மாதிரி கேட்வேயை வைக்கிறது. சொந்த வீட்டுக்குள்ள இது பெரிய விஷயமில்ல. நோடு நகராததால ஏடிஆரை (வேகத்தைத் தானா சரிபண்ணும் வசதி) ஆன் பண்ணி விடுங்க. இருபது செய்தி வரைக்கும் கவனிச்சுட்டு சர்வரே எஸ்எஃப்-ஐக் குறைக்கும்.

ராஸ்பெர்ரி பை குட்டிக் கம்ப்யூட்டர்ல சிர்ப்ஸ்டாக் (லோராவான் சர்வர் மென்பொருள்) போட்டு சொந்த சர்வர் வச்சா 30 செகண்ட் சட்டம் கிடையாது. பக்கத்து வீட்டு நோடுகளோட காற்று அப்பவும் பொதுச் சொத்துதான்.

உப்புமூட்டை — 5 ஏப்ரல், மதியம் 1:02

பிஎம்இ280 வாங்கும்போது பிஎம்பி280-ஐத் தலையில கட்டுவாங்க, கவனம். பிஎம்பி-ல ஈரப்பதம் கிடையாது. கண்ணால பார்த்தே சொல்லலாம்: பிஎம்இ-யோட தகர மூடி சதுரம், 2.5 × 2.5 மிமீ. பிஎம்பி நீள்சதுரம், 2 × 2.5. சந்தேகம்னா சிப் அடையாள எண்ணைப் படிங்க. ஹெக்ஸ் 60 வந்தா பிஎம்இ. ஹெக்ஸ் 58 வந்தா திருப்பி அனுப்புங்க.

ஐ2சி (சென்சார் பேசும் கம்பி இணைப்பு) முகவரி ஹெக்ஸ் 76 அல்லது 77. எஸ்டிஓ கால் கிரவுண்டில் இருந்தா 76. நிரல் நூலகங்களில் பாதி 77-ஐ எதிர்பார்க்கும், "சென்சார் இல்லை"ங்கும் புகாரில் பாதி இதுதான்.

மாடிவீடு — 12 ஏப்ரல், இரவு 11:40

எல்லாம் வந்தது. ஆர்டுயினோவில் ராக்கோட நிரல் ஏத்தியாச்சு. பட்டை ஐஎன்865, கட்டளையில 3. சர்வர் திரையில சேரும் கோரிக்கை வந்துட்டே இருக்கு, சர்வர் சம்மதமும் அனுப்புது, நோடு "சேரல"ன்னே சொல்லுது. கேட்வேயும் நோடும் ஒரே மேசையில, ஒரு முழம் தூரம். சிக்னல் அருமை.

பழைய மீட்டர் — 13 ஏப்ரல், காலை 6:30

சிக்னல் அருமைங்கிறதுதான் நோய். ஒரு முழத்துல ரெண்டு பக்க ரிசீவரும் திக்குமுக்காடிப் போகும். கேட்வே அனுப்புறது நோடுக்கு உளறலா விழும். நோடை அடுத்த அறைக்கு எடுத்துட்டுப் போய் கதவைச் சாத்துங்க. ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் பலம்) மைனஸ் 50-க்கும் மைனஸ் 90-க்கும் நடுவுல வரணும்.

அதுக்கும் சரியாகலைன்னா ரெண்டாவது ஜன்னல், அதாவது பதிலுக்காக நோடு காது திறக்கும் ரெண்டாவது நேரம். சம்மதம் 5-வது செகண்டுல ஒரு தடவை, தவறினா 6-வது செகண்டுல 866.55 மெகாஹெர்ட்ஸ்ல எஸ்எஃப் 10-ஆ வரும். சர்வர்ல வேற பட்டை இருந்தா இந்த ரெண்டாவது ஜன்னல் வேற இடத்துல திறக்கும்.

மாடிவீடு — 13 ஏப்ரல், காலை 8:05

அடுத்த அறை. கதவைக்கூடச் சாத்தல. உடனே சேர்ந்தது.

மாடிவீடு — 13 ஏப்ரல், மாலை 6:22

நிரலைத் திருத்தி மறுபடி ஏத்தினேன். இப்போ திரும்பவும் சேர மாட்டேங்குது. இந்தத் தடவை சர்வர் சம்மதமே அனுப்பல, "டெவ்நான்ஸ் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது"ங்குது.

பழைய மீட்டர் — 13 ஏப்ரல், மாலை 6:41

நினைவகத்தை முழுசா அழிச்சு ஏத்தியிருக்கீங்க. சேரும் ஒவ்வொரு தடவையும் நோடு ஒரு எண்ணை (அதான் டெவ்நான்ஸ்) ஏத்திக்கிட்டே போகும், பழைய எண் திரும்ப வந்தா யாரோ பழைய செய்தியைத் திருடி ஒலிபரப்புறான்னு சர்வர் நினைக்கும். லோராவான் 1.0.4 பதிப்புல இது கறார். சர்வர்ல அந்தச் சாதனத்தோட பயன்படுத்திய நான்ஸ்களை அழிக்கிற தேர்வு இருக்கு, அதை அமுக்குங்க. அடுத்த தடவை நிரலை மட்டும் மாத்துங்க, மொத்தத்தையும் துடைக்காதீங்க.

தம்பிடி — 13 ஏப்ரல், இரவு 9:10

பழைய ஆர்எஃப்எம்95 மாட்யூலும் எல்மிக் நூலகமும் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வரி: அதுல டெவ்இயூஐ, ஜாயின்இயூஐ (சேரும்போது காட்டும் அடையாள எண்கள்) ரெண்டையும் பைட் வரிசை தலைகீழா எழுதணும். ஆப்கீ (ரகசியச் சாவி) மட்டும் நேர் வரிசை. ஏன்னு கேட்காதீங்க.

மாடிவீடு — 15 ஏப்ரல், இரவு 10:15

மல்டிமீட்டர்ல தூக்க மின்சாரம் பார்க்கலாம்னா, மைக்ரோஆம்ப் அளவுல வச்சதும் நோடு மறுபடி மறுபடி ரீசெட் ஆகுது. மில்லிஆம்ப் அளவுல வச்சா 1.4 காட்டுது. நீங்க சொன்னது 3 மைக்ரோ.

பழைய மீட்டர் — 15 ஏப்ரல், இரவு 10:50

மைக்ரோஆம்ப் அளவுல மீட்டருக்குள்ளேயே பெரிய தடை இருக்கு. நோடு 87 மில்லிஆம்ப் கேட்கும்போது வோல்ட் முழுக்க மீட்டர்லயே விழுந்துடும். வழி: மீட்டரோட ரெண்டு முனைக்கும் குறுக்கே ஒரு கம்பித் துண்டை மாட்டுங்க. நோடு எழுந்து, சேர்ந்து, அனுப்பி, தூங்கப் போகட்டும். அப்புறம் கம்பியை எடுங்க, எண்ணைப் படிங்க, அடுத்து எழுறதுக்குள்ள திரும்ப மாட்டிடுங்க.

1.4 மில்லிஆம்ப் எங்கே போகுதுன்னு மூணு இடத்துல தேடுங்க. சென்சார் போர்டுல சின்னதா எல்இடி எரியுதா? ஒரு மில்லிஆம்ப் எல்இடி நாளைக்கு 24 மில்லிஆம்ப்-மணி, உங்க ரேடியோ எஸ்எஃப் 7-ல தின்கிறதைப் போல எண்பது மடங்கு. மூணரை மாசத்துல செல் காலி. சால்டரிங் அயர்னால தூக்கிடுங்க. ரெண்டாவது, யூஎஸ்பி சீரியல் அடாப்டர் மாட்டியே இருக்கா? அது டேட்டா கால் வழியாவே மின்சாரம் ஊட்டும், உறிஞ்சும். மூணாவது, பிஎம்இ280-ஐ நார்மல் மோடில் விட்டிருக்கீங்களா? ஃபோர்ஸ்டு மோடில் ஓட்டணும்: எழுப்பு, ஒரு அளவு எடு, அதுவா தூங்கும், 0.1 மைக்ரோஆம்ப்.

சென்சாருக்கான மின்சாரத்தை ஒரு கால் வழியா வெட்டி மிச்சம் பிடிக்கிறேன்னு கிளம்பாதீங்க. ஐ2சி கம்பிகளில் இருக்கிற புல்அப் தடை வழியா அது பின்கதவால உள்ளே போய், வெட்டாததைவிட அதிகம் ஒழுகும்.

மாடிவீடு — 16 ஏப்ரல், காலை 7:20

எல்இடியும் அடாப்டரும். 4 மைக்ரோஆம்ப்.

உப்புமூட்டை — 16 ஏப்ரல், காலை 11:00

மாடியில மாட்டுறதுக்கு முன்னாடி உப்புச் சோதனை. கல்லுப்பை ஈரமணல் பதத்துக்குத் தண்ணி தெளிச்சுப் பிசைங்க. தண்ணி தேங்கக் கூடாது, உப்பு முழுக்கக் கரையவும் கூடாது. ஒரு சின்ன மூடியில வச்சு, பக்கத்துல சென்சாரை வச்சு (உப்பு படாம), காற்றுப்புகா டப்பாவுல ராத்திரி முழுக்க மூடி வைங்க. வெயில் படாத இடம். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்துல நிக்கும், 25 டிகிரியிலும் 30 டிகிரியிலும் அதேதான். சென்சார் 71 காட்டினா, நிரல்ல 4 கூட்டிக்கலாம். பிஎம்இ280 கூடக்குறைய 3 சதவீதம்னு தயாரிப்பாளரே சொல்றான், அதனால 72-க்கும் 78-க்கும் நடுவுல வந்தா தொடாதீங்க.

பெட்டியை ஒட்ட வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் பசை வேண்டவே வேண்டாம். அந்த ஆவியே சென்சாரை நகர்த்திடும்.

பழைய மீட்டர் — 16 ஏப்ரல், மாலை 5:35

கூடு. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க. ரேடியோவுக்கு ஒரு மாசம் செலவழிச்சுட்டு, சென்சாரை மூடின ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள போட்டு வெயில்ல வைப்பாங்க. அப்புறம் சென்னையில 58 டிகிரின்னு படம் போடுவாங்க. அது பாக்ஸோட வெப்பநிலை.

பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, 15 செமீ விட்டம், ஏழு. எல்லாத்தையும் கவிழ்த்து அடுக்கணும். மேல ரெண்டு முழுசா இருக்கட்டும், மத்த அஞ்சுலயும் நடுவுல 6 செமீ வட்டம் வெட்டுங்க. விளிம்புல மூணு ஓட்டை, மூணு மரைக்கம்பி, தட்டுக்குத் தட்டு 15 மிமீ பிவிசி குழாய்த் துண்டு இடைவெளி. சென்சார் நடு வட்டத்துல தொங்கும், எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம் அதுக்குத் தெரியக் கூடாது, காற்று மட்டும் போய் வரணும். ரேடியோவும் பேட்டரியும் தனிப் பாக்ஸ்ல, கூட்டுக்குக் கீழே. வயர் ஓட்டை பாக்ஸோட அடிப்பக்கம். வயரை ஒரு தொங்கல் விட்டு மேலே ஏத்துங்க, மழைத்தண்ணி தொங்கல்லயே சொட்டிடும்.

தளத்துல இருந்து ஒன்றரை மீட்டர் உயரம். தண்ணித் தொட்டி, கைப்பிடிச் சுவர், ஏசி வெளிப்பெட்டி மூணுக்கும் தள்ளி. தளம் ராத்திரி பத்து மணி வரைக்கும் சூட்டைக் கக்கும்.

பழைய மீட்டர் — 16 ஏப்ரல், இரவு 7:02

மரைக்கம்பி இரும்புன்னா ஆன்டெனாவை அதுக்கு ஒட்டி வைக்காதீங்க. மேல எழுதும்போது விட்டுப்போச்சு. 82 மிமீ ஆன்டெனாவுக்குப் பக்கத்துல நீளமான இரும்பு நின்னா அதோட அலைவரிசையே நகர்ந்துடும். நைலான் கம்பி கிடைச்சா அது, இல்லாட்டி ஆன்டெனாவை ஒரு முழம் தள்ளி நேரா நிமிர்த்தி வைங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடியும் வேண்டாம், தண்ணி 865-ஐக் குடிக்கும்.

மாடிவீடு — 24 ஏப்ரல், இரவு 9:45

எட்டு நாளா ஓடுது. எஸ்எஃப் 7, எஸ்என்ஆர் (இரைச்சலுக்கு மேல சிக்னல்) 6, ஆர்எஸ்எஸ்ஐ மைனஸ் 94. ரெண்டு சந்தேகம். ஒண்ணு: காற்றழுத்தம் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு 3 ஹெக்டோபாஸ்கல் இறங்குது, ராத்திரி பத்துக்கு ஏறுது. சென்சார் சூட்டுல பழுதா? ரெண்டு: பகல்ல திடீர்னு ஈரப்பதம் 45-லேர்ந்து 62-க்குத் தாவுது.

உப்புமூட்டை — 24 ஏப்ரல், இரவு 10:12

முதலாவது வளிமண்டல ஓதம், கடல் ஏறி வத்துற மாதிரி. நில நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஊருக்கெல்லாம் காற்றழுத்தம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி இறங்கும்: காலை பத்து, இரவு பத்து உச்சம், நாலு மணிகள் ரெண்டும் பள்ளம். சென்சார் நல்லா இருக்குன்னு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. புயல் வருதான்னு பார்க்கணும்னா இன்னிக்கு நாலு மணியை நேத்து நாலு மணியோட ஒப்பிடுங்க, காலை பத்தோட ஒப்பிட்டா தினமும் புயல் வரும்.

இன்னொரு விஷயம், வானிலைச் செய்தியில சொல்றது கடல்மட்டத்துக்குத் திருத்தின அழுத்தம். எட்டு மீட்டருக்குச் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். மூணு மாடி உயரம், தரையோட உயரம் ரெண்டையும் சேர்த்துக் கூட்டிக்கோங்க.

பழைய மீட்டர் — 25 ஏப்ரல், காலை 6:40

ரெண்டாவது கடல்காற்று. அந்த நேரத்துல வெப்பநிலையும் ரெண்டு மூணு டிகிரி சட்டுனு இறங்கியிருக்கும் பாருங்க. ஆனா ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, வெப்பநிலை இறங்கினாலே அது ஏறும். 30 டிகிரி, 70 சதவீதக் காற்றை அப்படியே 31-க்குச் சூடாக்கினா 66 காட்டும், தண்ணி ஒரு சொட்டு குறையாம. பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் தண்ணியா படிய ஆரம்பிக்கும் வெப்பநிலை) கணக்கிட்டு வரைபடத்துல சேருங்க. பனிநிலை ஏறினா நிஜமாவே கடல்ல இருந்து ஈரம் வந்திருக்கு. பனிநிலை அசையாம சதவீதம் மட்டும் ஆடினா, வெயிலோ கூடோ காரணம்.

பனிநிலையை நோடுல கணக்கிட்டு அனுப்பாதீங்க, சர்வர்லயே போடுங்க. ஒரு பைட்டும் வீண்தான்.

மாடிவீடு — 25 ஏப்ரல், காலை 9:30

ஏறுது. 21-லேர்ந்து 24. மதியம் ஒன்றரை மணிக்கு.

மாடிவீடு — 9 மே, காலை 8:15

நேத்து ராத்திரியில இருந்து ஈரப்பதம் 100-லயே நிக்குது, வெயில் வந்தும் இறங்கல. வெப்பநிலை சரியா இருக்கு.

தம்பிடி — 9 மே, காலை 8:40

கூட்டைக் கழட்டிப் பாருங்க. சென்சார் துளை மேல ஒரு சொட்டு தண்ணியோ, பூச்சி முட்டையோ இருக்கும்.

மாடிவீடு — 9 மே, காலை 9:25

எறும்பு. நடுத்தட்டுல குடும்பத்தோட. சென்சார் போர்டு மேலயே மண் கட்டியிருக்கு.

பழைய மீட்டர் — 9 மே, காலை 9:50

மிருதுவான காய்ந்த பிரஷ்ஷால தட்டி விடுங்க, துளைக்குள்ள ஊதாதீங்க, ஸ்பிரிட் விடாதீங்க, எறும்பு மருந்து அடிக்கவே அடிக்காதீங்க, அந்த ஆவியும் பசை மாதிரிதான். போர்டை வீட்டுக்குள்ள ஒரு நாள் காய விடுங்க. அப்புறம் மறுபடி உப்பு டப்பா. 75-க்குப் பக்கத்துல வந்தா பிழைச்சது. திரும்ப மாட்டும்போது சென்சாரைச் சுத்தி கொசுவலைத் துணியில ஒரு பை, கூடு நிக்கிற குழாய்ல ஒரு சுத்து கிரீஸ்.

மாடிவீடு — 11 மே, காலை 7:05

74.5.